ஃபாரஸ்ட் கேட்டில் தொங்கிய திருஷ்டி பொம்மை

லண்டன் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி மேலே கிடந்த வேட்டிகளை எடுத்தார், முறுக்குப் பொட்டலத்தை முகர்ந்தார், நார்த்தங்காய் ஊறுகாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடுத்து ஒரு துண்டை விலக்கியவர் "ஐயோ கடவுளே!" என்று ஆங்கிலத்தில் அலறிக்கொண்டு பின்னால் போனார். துண்டுக்கு அடியில் கன்னங்கரேலென்று ஒரு முகம். முட்டைக் கண், முறுக்கு மீசை, கோரைப்பல், தாடை வரை தொங்கும் சிவப்பு நாக்கு.

"இது உங்கள் கடவுளா?"

"இல்லை."

"பேயா?"

"அதுவும் இல்லை. வாட்ச்மேன். வீட்டு முன்னால் தொங்குவார். பொறாமைப் பார்வை வீட்டின் மேல் விழாமல் தன் மேல் வாங்கிக்கொள்வார்."

அவர் எனக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார். "அப்படியானால் இவரும் எங்கள் வேலைதான் பார்க்கிறார்" என்று சொல்லி, துண்டைப் பழையபடி போர்த்திவிட்டார். ஊறுகாயை மட்டும் ஏனோ மறுபடி ஒருமுறை சந்தேகமாகப் பார்த்தார்.

நான் மதுரையில் கட்டட ஒப்பந்தக்காரன். நான் கட்டிய வீடு ஒவ்வொன்றிலும், அஸ்திவாரத்திலிருந்து பால் காய்ச்சும் நாள்வரை, இப்படி ஒரு பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கும். ஆனால் லண்டனுக்கு இதைக் கொண்டுவந்தது என் யோசனை இல்லை. சரோஜா அக்காவுடையது.

அக்காவின் ஒரே மகள் செல்வி. அத்தான் காலமானபிறகு அக்கா பள்ளிக்கூட வேலை பார்த்துத் தனி ஆளாக வளர்த்த பிள்ளை. லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போனவள், அங்கேயே ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, முடிந்தபிறகு போனில் சொன்னாள். அக்கா போனை வைத்தவள்தான். அதன்பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரு யாரா வேணா இருந்துட்டுப் போறாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா?" என்பதுதான் அவள் கட்சி. மாப்பிள்ளை பெயர்கூட அவள் வாயில் வராது. "அந்த ஆளு" என்பாள்.

செல்வியும் அவள் வீட்டுக்காரரும் கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் கேட் என்ற இடத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கி, வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சப் போகிறார்கள், தாய்மாமன் வந்தே ஆகவேண்டும் என்று டிக்கெட் அனுப்பினார்கள். அக்காவிடம் சொன்னேன். கேட்காத மாதிரி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது வீட்டுக்கு வந்து, விளக்குத்தூண் பக்கம் வாங்கிய இந்தப் பொம்மையைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"வாசல்ல, தெருவைப் பாத்து மாட்டு. நான் குடுத்தேன்னு அவகிட்ட மூச்சு விடாதே. மாட்டினதுக்கு ஒரு போட்டோ அனுப்பு. பொம்மையை மட்டும் எடு. வேற யாரும் படத்துல வேண்டாம்."

இரண்டு வருஷத்தில் அக்கா மகளுக்கென்று செய்த முதல் காரியம். இது மட்டும் ஒழுங்காக வாசலில் ஏறவில்லையென்றால், அம்மாவும் மகளும் இந்த ஜன்மத்தில் பேசப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லண்டன் பார்க்கப் போகிறவன் மடியில் இப்படி ஒரு பாரம்.

மாப்பிள்ளை சிவம் காரோடு வந்திருந்தார். "வாங்கோ மாமா, களைச்சுப் போயிருப்பியள்" என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். ஜெர்மனியில் பல காலம் ஹோட்டல் அடுப்படியில் வெந்து, பிறகு லண்டனுக்கு வந்து மளிகைக் கடை வைத்திருக்கிறார். தலைமுடி கொஞ்சம் பின்வாங்கியிருந்தது, மற்றபடி பார்க்க லட்சணமான ஆள். கார் ஓட்டும்போது தானாகவே பேசினார். "மாமி சுகமா இருக்கிறாவோ?" என்று அக்காவைப் பற்றிக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைச் சரிசெய்தார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

வழியெல்லாம் கார்களில் சின்னச் சின்னக் கொடி. வெள்ளையில் சிவப்புச் சிலுவை. தேர்தலா என்று கேட்டேன். "இல்லை மாமா, உலகக் கோப்பை ஃபுட்போல். சனம் பைத்தியமா நிக்குது" என்றார். எலெக்‌ஷனே இல்லாமல் இவ்வளவு கொடியா என்று ஆச்சரியப்பட்டேன். நம் ஊரில் இதற்குள் இரண்டு ஃபிளெக்ஸ் பேனர் விழுந்து ஆளைச் சாய்த்திருக்கும்.

வீட்டைப் பார்த்ததும் என் தொழில் புத்தி முழித்துக்கொண்டது. விக்டோரியா மகாராணி காலத்துச் செங்கல் வீடுகள், ஒட்டு ஒட்டாக, தெருக்கோடி வரை. செங்கல் கோப்பு நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொரு வாசலுக்கு மேலேயும் சுதையில் ஒரு முகம்! ஒன்றில் திராட்சைக் கொத்தைத் தலையில் வைத்த தாடிக்காரர், ஒன்றில் கோபக்காரச் சிங்கம், இன்னொன்றில் பல்வலி வந்த மாதிரி ஒரு பெண். செல்வி வீட்டு வாசலுக்கு மேலே மட்டும் முகம் இல்லை. எப்போதோ உடைந்துபோய், வட்டமாக ஒரு வெற்றிடம். மேலே பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் பொம்மைக்கு அளவெடுத்து விட்டுவைத்த இடம்!

செல்வி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ரொம்ப இளைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் வேலை. "அம்மா ஏதாச்சும் குடுத்து விட்டாங்களா மாமா?" என்று கேட்டாள். வாக்குக் கொடுத்த பாவி, முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன். அது என் மனைவி சுட்டது என்று முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "அத்தை கைப்பக்குவம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டதால் சாமான்களோடு முன்பே இங்கே வந்துவிட்டார்கள், முறைப்படி பால் காய்ச்சுவது மட்டும் பாக்கி. ராத்திரிச் சாப்பாடு சிவத்தின் கைவண்ணம். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி. சட்னி எங்கே என்று கேட்க வாய் வந்தது, தேங்காய்ச் சம்பலை வாயில் போட்டதும் அடங்கிவிட்டது. கணக்கில்லாமல் சாப்பிட்டேன். வெளியே பளபளவென்று வெயில். படுக்கப்போகிற நேரத்துக்குச் சூரியன் மறையாமல் நின்றுகொண்டிருக்கிறது. எந்த நேரத்துக்குக் கொட்டாவி விடுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலையில் இருவரும் வேலைக்குப் போனார்கள். எனக்குக் கை பரபரத்தது. பின்பக்கக் கொட்டகையில் ஏணி இருந்தது, சுத்தியல் இருந்தது, ஆணியும் இருந்தது. வேறென்ன வேண்டும்? ஏறினேன். வெற்றிடத்தின் நடுவில் குறிபார்த்து ஓங்கி ஒரு அடி. தேங்காய்த் துண்டு அளவுக்குப் பழைய பூச்சு பெயர்ந்து கீழே விழுந்தது. பழைய பூச்சு என்றால் அப்படித்தான், நான் கண்டுகொள்ளவில்லை. பொம்மையை மாட்டிவிட்டு இறங்கி, தெருவின் எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். அடேயப்பா, என்ன கம்பீரம்!

இந்த ஊரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று சிவம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். "இஞ்ச ஆரும் ஆரையும் நிமிர்ந்து பாக்க மாட்டினம் மாமா. பக்கத்து வீடு எரிஞ்சாலும் 'எக்ஸ்கியூஸ் மீ' சொல்லித்தான் தண்ணி ஊத்துவினம்." அப்படிப்பட்ட தெருவில், நாய் பிடித்துக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். நாயும் நின்று பார்த்துக் குரைத்தது. தபால்காரர் பார்த்துக்கொண்டே போய் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டார். ஒருவர் கண்கூட வீட்டின் மேல் விழவில்லை, எல்லாம் பொம்மை மேல்தான். என் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக வேலை செய்த பொம்மை வேறில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தார். வெள்ளை முடி, நீலக் கண், தோட்டக் கையுறை. மார்கரெட் என்று பெயர் சொன்னார். பொம்மையை வெகுநேரம் பார்த்தார். "மிகவும் சுவாரசியமாக இருக்கிறது" என்றார். "இது நிரந்தரமாகவா இருக்கப் போகிறது?" என்று கேட்டார். "நிரந்தரமாகத்தான், கவலையே வேண்டாம்" என்றேன். "எவ்வளவு துணிச்சல்" என்றார். பாராட்டுக்கு நன்றி சொல்லி, உள்ளே போய் ஒரு முறுக்கு எடுத்துவந்து கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் செல்வி தெருமுனையிலேயே பார்த்துவிட்டாள் போல, ஓடியே வந்தாள்.

"மாமா! உங்களுக்குச் சுத்தியலை யார் எடுத்துக் குடுத்தா?"

"நானேதான் எடுத்தேன். பக்கத்து வீட்டம்மாகூட ரொம்பப் பாராட்டினாங்க. துணிச்சலா இருக்குன்னாங்க."

செல்வி வாசற்படியில் அப்படியே சாய்ந்து நின்றாள். இங்கிலீஷ்காரர் அப்படிப் பேசினால் அது சண்டைக்கு முந்தின கட்டமாம். இந்தத் தெரு முழுக்கப் பாதுகாக்கப்பட்ட பழைய தெரு. முகப்பில் ஓர் ஆணி அடிப்பதற்கும் கவுன்சிலில், அதாவது அந்த ஊர் நகராட்சியில், கேட்க வேண்டும். கதவுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதுகூட அவர்கள் சொல்கிறபடிதான். அதைத் தெருக்காரர்கள் சார்பில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிக்கிறவர் சாட்சாத் மார்கரெட். வேலைக்குப் போயிருந்த செல்விக்கே போன் செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் இறக்கிவிட்டால் தானும் மறந்துவிடுவதாக, அன்பாகச் சொல்லியிருக்கிறார்.

"பால் காய்ச்சறதுக்கு முன்னாடியே அக்கம்பக்கத்தோட பொல்லாப்பா? நமக்கு இந்தக் கண்றாவி எதுக்கு மாமா?" என்று ஏணியில் ஏறிப் பொம்மையை இறக்கிவிட்டாள். குப்பைத் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்காவது ஒன்றாவது.

"அடியே, அதைப் போடாதே! உங்கம்மா குடுத்து விட்டது!"

செல்வி தொட்டியின் மூடியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு உள்ளே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். பொம்மையை மடியில் வைத்து, அதன் மூக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூசியைத் தன் யூனிஃபார்ம் முனையால் துடைத்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு கோரமான பொம்மையை அவ்வளவு ஆசையாக யாரும் மடியில் வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

"அவங்களே போய் வாங்கினாங்களா?" என்றாள்.

"அவளேதான். பேரம் பேசாம வாங்கியிருக்கா. அதுலயே தெரியலையா?"

கடையிலிருந்து வந்த சிவம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அந்த மனிசி நல்ல மனிசிதான் மாமா. ஆனா வீட்டு முகப்பில கை வைச்சா விடாது. கவுன்சிலுக்குப் போனா எங்களால ஏலாது. ஆனா மாமி தந்தது தொங்கத்தான் வேணும்." இரண்டும் எப்படி நடக்கும் என்றுதான் தெரியவில்லை. அன்று சொதி இறங்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்தால் கிறுக்குப் பிடிக்கும் என்று மறுநாள் கேமராவை மாட்டிக்கொண்டு லண்டன் பார்க்கக் கிளம்பினேன். சுரங்க ரயிலில் ஏறினால் சிவம் சொன்னது சரிதான். எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. செய்தித்தாளால் மறைத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். "எந்த ஊருங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். அவர் இறங்கவேண்டிய இடம் அதுதானா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டரில் அந்தப் பெரிய பழைய தேவாலயத்தின் முன் நின்று அண்ணாந்து பார்த்தேன். கல்லைக் கோழி இறகு மாதிரி செதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் திடுக்கிட்டேன். சுவர் உச்சியிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு ஒரு பூதம் எட்டிப் பார்க்கிறது! அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. காவல்காரரைக் கேட்டேன். மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு என்றார். தண்ணீர் துப்புவதற்கு இவ்வளவு கோபம் எதற்கு? நான் கட்டிய வீடுகளில் பி.வி.சி. குழாய் ஒரு கோபமும் இல்லாமல் அந்த வேலையைச் செய்கிறது. படம் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து தேம்ஸ் கரையோரமாகவே நடந்தேன். மத்தியானம் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கினேன். கூடவே பச்சைப் பட்டாணியை வேகவைத்துக் குழைத்து ஒரு சாந்து கொடுத்தார்கள். பூச்சு வேலைக்கு நல்ல பதம், சாப்பிடத்தான் முடியவில்லை. வறுவலின் மேல் உப்போடு வினிகர் காடியையும் ஊற்றிவிட்டார்கள். பையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்ததும்தான் மீனுக்கு உயிர் வந்தது. பக்கத்தில் இருந்த புறா ஒன்று அந்த ஊறுகாயைக் கொத்திப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று.

சாப்பிட்டு நடந்தால், பழைய நகரத்தின் எல்லையில், சாலையோரத்துப் பீடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பறக்கும் நாகம். கையில் கேடயம், முறைத்த பார்வை, வாயிலிருந்து நீட்டிய நாக்கு. நாக்கு நல்ல சிவப்பு! நடுரோட்டில் நின்று சிரித்தேன். நகரத்துக்குள் வருகிற வழிகளிலெல்லாம் இப்படி வைத்திருக்கிறார்களாம், எல்லைக் காவலாம். சீமையே நாக்கை நீட்டிக்கொண்டு காவல் காக்கிறது, என் அக்கா மகள் வீட்டுக்கு மட்டும் கூடாதா? முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று படம் எடுத்துத் தள்ளினேன்.

அந்தச் சந்தோஷத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் முதலில் கண்ணில் பட்ட வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி பாதி காலியாக இருந்தது. சாயங்கால நேரத்தில் வண்டியில் இவ்வளவு இடம் ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். ஃபாரஸ்ட் கேட் நிலையம் ஜன்னலில் சர்ரென்று ஓடி மறைந்தது. நான் எழுந்து கதவருகே ஓடினேன். எதிரே கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்திருந்தவர் தமிழில் பேசினார்.

"அங்கிள், இது ஃபாஸ்ட் ட்ரெயின் லா. ஃபாரஸ்ட் கேட்ல நிக்காது. செம்ஸ்ஃபோர்ட் வரைக்கும் போய்ட்டுத்தான் திரும்பணும்."

மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்கராகி, இங்கேயே தங்கிவிட்டவராம். செம்ஸ்ஃபோர்ட் வேறு மாவட்டம் என்றார். பரவாயில்லை, பேச ஆள் கிடைத்தது. பொம்மைக் கதை முழுவதையும் சொன்னேன். வெளியே வீடுகளின் பின்புறம் ஓடிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னல்தோறும் அந்தச் சிலுவைக் கொடி பெட்ஷீட் அளவுக்குத் தொங்கியது.

"இதுக்கெல்லாம் கவுன்சில் ஒண்ணும் சொல்லாதா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது லா அங்கிள். ஆணியே அடிக்கிறதில்லையே. ஜன்னலை மேல தூக்கி, கயிறை உள்ள இழுத்துக் கட்டி, ஜன்னலை மூடிட்டா முடிஞ்சது. சுவரைத் தொடவே வேண்டாம்."

நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பெட்டியில் இருந்த எல்லாரும் செய்தித்தாளுக்குள் இன்னும் ஆழமாகப் போனார்கள்.

திரும்பி வந்ததும் நேரே மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டினேன். டீ கொடுத்தார். பாலை ஒரு சொட்டு காட்டிவிட்டு எடுத்துவிடுகிற டீ. கேமராவில் பூதத்தைக் காட்டினேன், நாகத்தைக் காட்டினேன், அதன் நாக்கைப் பெரிதாக்கிக் காட்டினேன். பிறகு அவரை வெளியே அழைத்துவந்து, அவர் வாசலுக்கு மேலே இருந்த திராட்சைத் தாடிக்காரரைக் காட்டி, "இவர் இங்கே என்ன செய்கிறார்?" என்று கேட்டேன்.

"அவர் ஆல்பர்ட்" என்றார். "தினமும் காலையில் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போவேன். வாசலைப் பார்த்துக்கொள்கிறார்."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. முகம் சிவந்துவிட்டது. நான் கையிலிருந்த டீயைக் குடித்தேன். பிறகு அக்கா கதையைச் சொன்னேன், அம்மாவும் மகளும் பேசி இரண்டு வருஷமாயிற்று என்பதையும், அந்தப் படத்துக்கு அங்கே ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும்.

மார்கரெட் ஆல்பர்ட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "ஆணி அடிக்க நான் விடமாட்டேன்" என்றார். "ஜன்னலில் கட்டித் தொங்கினால் அது கொடி மாதிரி. அந்தக் கொடிகளை நிறுத்த நான் எவ்வளவோ பார்த்துவிட்டேன், முடியவில்லை. உலகக் கோப்பை முடியும்வரை உங்கள் பொம்மையும் தொங்கட்டும். ஆனால் நீங்கள் போட்ட ஓட்டையை நீங்களே அடைக்க வேண்டும். சுண்ணாம்புதான். சிமெண்டைக் கொண்டுவந்தால் தெரியும் சேதி."

"பழைய செங்கல்லுக்கு எவனாவது சிமெண்ட் வைப்பானா?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தையில் மனுஷிக்கு என் மேல் பாசம் வந்துவிட்டது. சனிக்கிழமை முழுக்க நான் ஏணியில் நின்று பூச, அவர் கீழே நின்று குறை சொன்னார். மதுரையில் எனக்கு மேல் ஒரு சூப்பர்வைசரை நான் வைத்துக்கொண்டதே இல்லை.

ஞாயிறு காலை நல்ல நேரத்தில் பால் பொங்கியது. கூடவே சமையலறைக் கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணியும் அடித்தது. சிவம் பட்டுவேட்டியோடு ஸ்டூலில் ஏறித் துண்டால் விசிறினார். மார்கரெட் பூப்போட்ட தொப்பி வைத்துக்கொண்டு வந்து, ரவா கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மணி அடித்ததை மந்திரத்தில் ஒரு பகுதி என்றே நினைத்திருக்கிறார்.

பிறகு பொம்மை. மாடி ஜன்னலைத் தூக்கி, சிவம் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கயிற்றை இறக்கினார். கீழே வாசற்படியில் செல்வி, பட்டுப்புடவையோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "இடது பக்கம்... ஐயோ, உங்க இடது இல்ல, என் இடது!" என்று கத்தினாள். "ஓம், ஓம், பிடிச்சிருக்கிறன்!" என்று மேலிருந்து பதில். பொம்மை ஆடி ஆடி, முகம் இல்லாத அந்த வட்டத்துக்கு நேரே வந்து நின்றது. தெருவில் கொடியைப் போர்த்திக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டு டீம்?" என்று கேட்டார். "மதுரை" என்றேன். "எந்தக் குரூப்பில் இருக்கிறார்கள்?" என்று யோசித்துக்கொண்டே போனார்.

நான் கேமராவைத் தூக்கினேன். பொம்மையை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. எடுக்க முடியாமல் இல்லை. நான் வேண்டுமென்றே பின்னால் நகர்ந்து, நகர்ந்து, மொத்த வீடும் விழுகிற மாதிரி எடுத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன்.

படத்தை மதுரைக்கு என் பையனின் கம்ப்யூட்டருக்கு அனுப்பினோம். அக்காவை எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லியாயிற்று. சிவம் கடையில் விற்கிற, வெளிநாட்டுக்குப் பேசும் போன் கார்டு ஒன்றைச் சுரண்டி, நடையில் இருந்த போனில் அந்த நீளமான நம்பரைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரை அழுத்தினேன். செல்வி சுவரோரம் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, படம் வந்துச்சா?"

"வந்துச்சு." நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. "பொம்மை கோணலாத் தொங்குது."

"காத்துல ஆடுதுக்கா."

"மேல ஜன்னல்ல ஒரு தலை தெரியுதே, அது யாரு?"

நான் சிவத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "செல்வி வீட்டுக்காரர்தான்க்கா. கயிறு பிடிச்சிட்டிருக்கார்."

"இப்படியா எட்டிப் பாக்கிறது? விழுந்துகிழுந்து தொலைக்கப் போறாரு. ஜாக்கிரதையாப் பிடிக்கச் சொல்லு."

"அது காலையில எடுத்த படம்க்கா. இறங்கிட்டார்."

"கீழ நிக்கிறாளே..." அக்கா குரல் என்னமோ ஆகிவிட்டது. "ஏண்டா இப்படி எலும்புந்தோலுமா ஆயிட்டா? நீங்கள்லாம் அங்க என்னதான் பண்றீங்க? அவகிட்ட குடு."

செல்வி போனைப் பிடுங்கினாள். "அம்மா" என்றாள். அடுத்து அழுகைதான் வந்தது. அந்தப் பக்கமும் அதேதான். இரண்டு பேரும் வெகுநேரம் மாறி மாறி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக அக்கா, "என்னடி சாப்பிட்டே?" என்று ஆரம்பித்தாள். செல்வி வாயைத் திறந்தாள். டொக். போன் கார்டு தீர்ந்துவிட்டது.

செல்வியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் சிவத்தைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடந்தது. பட்டுவேட்டியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், மாப்பிள்ளை கடையை நோக்கித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். தெருக்காரர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். யாரையும் நிமிர்ந்து பார்க்காத தெரு! மார்கரெட் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றி ஆட்டி, "போ, போ!" என்று கைதட்டினார்.

கை நிறையக் கார்டுகளோடு வியர்த்து வழியத் திரும்பி வந்தார். ஒன்றைச் சுரண்டி நானே நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"ஏண்டி வெச்சே? அம்மா மேல கோவமா?"

"இல்லம்மா, கார்டு முடிஞ்சு போச்சு..."

"அங்க யாரு புஸ் புஸ்ஸுனு மூச்சு வாங்குறது? உன் மாமனா?"

"அவர்தாம்மா. வேற கார்டு எடுக்கக் கடைக்கு ஓடிப்போயிட்டு வந்தார்."

போனில் கொஞ்சநேரம் கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மாப்பிள்ளையை முதல்ல உக்காரச் சொல்லு" என்றாள் அக்கா. "தண்ணி குடு."

நாற்காலி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. சிவம் அதுவரைக்கும் போகவில்லை. நின்ற இடத்திலேயே, வாசலில் கிடந்த செருப்புகளுக்கு நடுவே, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.